பதினோராம் வரிசையில் ஓர் இழை

எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள். அவற்றில் ஒன்பதாவது படி மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். கட்டிய கொத்தனார் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. மாடியில் இரண்டு அறைகள், ஐந்து சன்னல்கள், மழை பெய்தால் பதினோரு இடங்களில் ஒழுக்கு. வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மாடியை நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த இரண்டு பையன்களுக்கு வாடகைக்கு விட்டேன்.

இதை என் பெருந்தன்மைக்குச் சான்றாக இப்போது என் பேரப்பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுத்தால் தன்னடக்கம் என்கிறார்கள். உண்மை என்னவென்றால், ஒழுகும் மாடிக்கு உள்ளூரில் யாரும் குடிவரவில்லை; அந்தப் பையன்களுக்கு ஒழுகாத மாடியை உள்ளூரில் யாரும் தரவில்லை. இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து ஒரு கூட்டல் குறி ஆயிற்று. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது புரியக் கஷ்டமில்லை.

அவர்கள் வந்த முதல் வாரத்தில் எங்கள் தெரு அவர்களுக்கு ஒன்பது பெயர்கள் வைத்தது. எல்லாம் நிறத்தை வைத்து வந்த பெயர்கள். அவற்றை இங்கே எழுத மாட்டேன். அப்போது எங்கள் தெருவில் இருபத்தாறு வீடுகள். அத்தனை வீட்டிலும் முகப்பவுடர் டப்பா இருந்தது. வெள்ளைக்காரன் ஒருவன்கூட இருக்கவில்லை. நான் கணக்கெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இருவரில் ஒருவன் ஆறடி இரண்டு அங்குலம். இன்னொருவன் ஐந்தடி நான்கு. நெட்டையன், குட்டையன் என்று என் மனைவி வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன. நேரில் கூப்பிடும்போது இருவருமே அவளுக்கு 'சாமி'தான். அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. எட்டு வயதுப் பையனையும் சாமி என்பாள், எண்பது வயதுக் கிழவரையும் சாமி என்பாள். அவளிடம்தான் நெட்டையன் தமிழ் கற்றான். அதனால் அவன் பேசியது சேலத்துத் தமிழ் அல்ல; 'ஆமாங்க', 'வாரேனுங்க' என்று காவிரிக்கரைச் சம்பந்தி வீட்டுக்குப் போனவன்போலப் பேசினான். என்னைப் பார்த்து இருபது வருஷமாக 'என்னய்யா' என்றே கூப்பிட்ட எதிர்வீட்டுக்காரரிடமும் அவன் 'சொல்லுங்க' என்றான். தெருவிலேயே மரியாதை தெரிந்த ஒரே ஆள் கடல் தாண்டி வந்தவன் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையனுடைய கால்சட்டையின் அடிப்பகுதி இருபத்தாறு அங்குலச் சுற்றளவு. கொடியில் காய்ந்தபோது அளந்தேன். செருப்பின் குதி மூன்றரை அங்குலம். அந்தக் குதியோடு அவன் ஒன்பதாவது படியில் தடுக்காமல் ஏறிய நாள் ஒன்றுகூட இல்லை. அறைச் சுவரில் இசைத்தட்டு அட்டைகளைக் குத்திவைத்திருந்தான், பதினான்கு. அமெரிக்காவிலும் லண்டனிலும் இருந்த கறுப்பினப் பாடகர்கள் அவற்றில் கோட்டும் தொப்பியுமாக நின்றார்கள். என்ன உடுத்துவது என்பதை அவன் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்தான். ஏதாவது பிடித்துப்போனால் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குத் தையல்காரரிடம் போவான்.

அங்கேதான் வேடிக்கை. அட்டையில் பாடகனின் முன்பக்கம் மட்டும்தானே தெரியும்? பின்பக்கத்தை எங்கள் ஊர்த் தையல்காரர் சொந்தக் கற்பனையில் தைத்தார். அவருக்குத் தெரிந்த பெரிய கோட்டு பேண்டு வாத்தியக்காரர்களுடைய கோட்டு. ஆகவே முன்பக்கம் அமெரிக்காவாகவும் முதுகுப்பக்கம் சேலத்துக் கல்யாண ஊர்வலமாகவும் ஒரு கோட்டு உருவாயிற்று. முதுகில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்கள், வரிசைக்கு ஐந்து. நெட்டையன் அதைப் போட்டுக்கொண்டு மெட்ராஸில் தன் நாட்டுப் பையன்கள் கூடும் இடத்துக்குப் போனான். அடுத்த மாதம் அங்கிருந்து ஆறு பேர் அதே கோட்டு வேண்டுமென்று அளவு எழுதி அனுப்பினார்கள். பொத்தான் முதுகில்தான் வரவேண்டும் என்று ஆறு பேருமே குறிப்பிட்டிருந்தார்கள். அதை நியூயார்க்கின் புதுப் பாணி என்று நினைத்தார்களாம். தையல்காரர் அதன்பிறகு கடைப்பலகையில் 'வெளிநாட்டு முறை' என்று எழுதிக்கொண்டார். எங்கள் தெருப் பையன்கள், அந்த ஒன்பது பெயர்களை வைத்த அதே பையன்கள், நான்கு பேர், ஒரே மாதத்தில் அகலக் கால்சட்டை தைத்துக்கொண்டார்கள். ஒருவன் நாவிதரிடம் போய்த் தலைமுடியை நெட்டையனைப்போலப் பந்தாக நிறுத்தச் சொல்லியிருக்கிறான். அது இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மழையில் படிந்தது.

பாட்டு விஷயத்தில் எனக்குக் குறை உண்டு. அவர்களிடம் ஒரு டேப்ரிக்கார்டர், முப்பத்தொரு கேசட்டு. அவர்கள் நாட்டுப் பாட்டு ஒன்று ஓடினால் இருபது நிமிஷத்துக்கு நிற்காது. கிதார் ஒரே வளைவை வளைத்துக்கொண்டே போகும், முரசு அதற்குள் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டில் ஒரே வரி நூற்றுப் பன்னிரண்டு தடவை வந்தது. இரண்டு முறை எண்ணினேன். இரண்டாம் முறையும் நூற்றுப் பன்னிரண்டுதான். இதைச் சொல்லப் போனபோது நெட்டையன், "ஒவ்வொரு தடவையும் முரசு வேறயா அடிக்குதுங்க சார், அத எண்ணலீங்களா?" என்று கேட்டான். எண்ணவில்லை. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தெருக்காரர்கள் இரைச்சல் என்று மனுக் கொடுத்தார்கள். மனுக் கொடுத்த வாரத்தில்தான் மாரியம்மன் பண்டிகைக்கு எட்டுக் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஐந்து நாள் அலற விட்டார்கள். ஒரு பெட்டி எதிர் எட்டுக் குழாய். எனக்கு மனுவில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. நியாய உணர்வால் அல்ல, விகிதம் சரியாக இல்லை.

குட்டையன் வேறு மாதிரி. அவன் நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரன். அங்கே இந்திப் படங்கள்தான் ஓடுமாம். சின்ன வயதிலிருந்து பார்த்து இந்திப் பாட்டு நாற்பதுக்குமேல் மனப்பாடம். இந்தியாவுக்குப் போனால் எல்லோரும் தன்னோடு பாடுவார்கள் என்று நம்பி வந்தவனை, இந்தி எழுத்தில் தார் பூசிய ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது விதி. ஆனாலும் அவன் பாடினான். எங்கள் பையன்கள் அர்த்தம் கேட்டார்கள். அவனுக்கும் தெரியாது. அர்த்தம் தெரியாத பாட்டுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் தாளம் போட்டதை நான் மாலை நேரங்களில் படிக்கட்டிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனிச் சொல்ல வந்த விஷயம்.

என் மனைவியின் அண்ணன் திருச்செங்கோட்டுக்கு அருகில் தறி போட்டிருந்தார். நிலம் பதினோரு ஏக்கர் இருந்தது. கிணறு வற்றிய வருஷம் பன்னிரண்டு கைத்தறி இறக்கினார். கட்டம் போட்ட துணி நெய்வார்கள். சிவப்பும் அவுரி நீலமும் ஊடே வெள்ளையும். நம் கண்ணுக்குக் கைலித் துணிதான். ஆனால் உள்ளூரில் விற்காது. மெட்ராஸ் வியாபாரி வாங்கிப்போவார். அதற்குமேல் மச்சானுக்குத் தெரிந்தது 'கப்பல்ல போவுது' என்ற இரண்டு வார்த்தைகள். இருபது வருஷம் நெய்தும் கப்பல் எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை.

ஒரு நாள் சேலத்துக்குச் சரக்கு கொண்டுவந்தவர் காப்பி குடிக்க வீட்டுக்கு வந்து, ஒரு சிப்பத்தை வாசலில் வைத்தார். மேலிருந்து இறங்கிய நெட்டையன் ஒன்பதாவது படியில் தடுக்கி, அதே வேகத்தில் சிப்பத்துக்கு முன்னால் வந்து நின்றான். குனிந்து ஒரு முனையை எடுத்து மூக்கில் வைத்து நீளமாக மோந்தான்.

மச்சான் முகம் மாறியது. "ஏனுங்க மாப்ள, நாத்தமடிக்குதுங்கறாருங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அப்படியல்ல. அவன் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னது இது. ஆறு கடலில் சேரும் இடத்தில், தீவுகளில் வாழ்கிறவர்கள் அவன் சனம். இந்தத் துணிக்கு அங்கே இஞ்சிரி என்று பெயர். பிறந்த குழந்தையை இதில்தான் சுற்றுவார்கள். பெரியவர் செத்தால் கட்டிலை இதால்தான் அலங்கரிப்பார்கள். அவன் அம்மாவிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. உண்மையான துணியா என்று மோந்துதான் பார்ப்பார்கள். இது உண்மையான துணி. முன்னோர் காலத்திலிருந்து தங்களுடைய துணி.

நான் இதை மச்சானுக்குச் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார். "என்ற தறித் துணிய எனக்கே அவிங்க பாட்டன் துணிங்கறாரு" என்றார். இருந்தாலும் மூன்று கஜம் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்தத் துணி அவனுக்கு எதற்கு வேண்டும் என்பதை என் மனைவிதான் கேட்டு வாங்கினாள். மெட்ராஸில் நர்ஸ் படிப்புப் படித்த ஒரு பெண், அவன் சனத்தைச் சேர்ந்தவள். இருவருக்கும் விருப்பம். பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் லண்டனில் இருந்தார்கள். அக்டோபர் முதல் தேதி அவர்கள் நாட்டுச் சுதந்திர தினக் கூட்டத்துக்கு மெட்ராஸ் வருகிறார்கள். சம்மதமா இல்லையா என்பது அங்கே முடிவாகும். சித்தி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் பழைய வழக்கம் தெரிந்தவள். பொத்தான் முதுகில் போட்ட கோட்டோடு போய் நின்றால், குலம் கோத்திரம் இல்லாத பையன், இசைத்தட்டு அட்டையிலிருந்து இறங்கி வந்தவன் என்று எழுந்து போய்விடுவாள். அவன் தன் வீட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

தெருவில் இது பரவியபோது எழுந்த சிரிப்பை நான் கேட்டேன். பெண் கேட்கக் கைலி கட்டிக்கொண்டு போகிற மாப்பிள்ளையா? எங்கள் பக்கத்தில் கைலியோடு பெண் பார்க்கப் போனால் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். இதில் பெரிதாகச் சிரித்தவர், அதை இருபது வருஷமாக நெய்து வயிறு வளர்த்த என் மச்சான்.

துணியை அப்படியே கட்டக்கூடாது. அதுதான் அவர்கள் வழக்கத்தின் உயிர். கடல் தாண்டி வந்த துணியை அப்படியே உடுத்தினால் அது கடைத் துணி. அதிலிருந்து இழைகளைப் பிளேடால் வெட்டி உருவி எடுத்து, உள்ளே புது உருவம் வரவைத்தால்தான் அது வீட்டுத் துணி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உருவம். அவன் அம்மா வீட்டு உருவம் ஆமை. ஊரில் இந்த வேலையைப் பெண்கள்தான் செய்வார்கள். சின்னப் பையனாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அவன் நினைவில் இருந்தது. கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

அவன் வெட்டத் தொடங்கிய முதல் நாள் நான் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் மேலே போனேன். சன்னலோரம் துணியை முழங்காலில் விரித்து, ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, இரண்டு முனையிலும் நறுக்கி, மெல்ல உருவினான். புத்தம் புதுத் துணி. நிறுத்தச் சொல்லலாமா என்று நின்றவன், ஓர் ஆமைக்கு எத்தனை இழை போகிறது என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். குறுக்கே ஓடும் ஊடையில் எட்டு, நீளவாக்கில் ஓடும் பாவில் ஆறு. ஆக, பதினான்கு. ஆனால் மூன்றாவது ஆமையில் பதின்மூன்று. சொன்னேன். ஐந்தாவதில் பதினைந்து. அதையும் சொன்னேன்.

"சார், ஆமை கணக்குப் படிச்சதில்லீங்க" என்றான்.

படிக்காவிட்டால் நாம் படிக்கவைக்க வேண்டியதுதான். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு போனேன். வரிசைக்கு ஒன்பது ஆமை, இருபத்து நான்கு வரிசை, மொத்தம் இருநூற்றுப் பதினாறு ஆமை. ஆமைக்குப் பதினான்கு வீதம் மூவாயிரத்து இருபத்து நான்கு இழை. எந்தக் கட்டத்தில் எத்தனையாவது இழையை எடுப்பது, எத்தனை விடுவது, அடுத்த வரிசை எவ்வளவு தள்ளித் தொடங்குவது என்று அட்டவணை போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே போய்விடுவேன். என் மனைவி, "ஏனுங்க, பொண்ணு அவருக்குங்களா உங்களுக்குங்களா?" என்று கேட்டாள். குட்டையன் பாடிக்கொண்டே உருவிய இழைகளைப் பந்தாகச் சுற்றினான். அந்த நாட்களில் டேப்ரிக்கார்டர் சத்தத்தைப்பற்றி நான் ஒருமுறைகூடக் குறை சொல்லவில்லை என்று பிற்பாடு சொல்லிக் காட்டினார்கள். காது கேட்டால்தானே.

முடிந்தபோது துணி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இருநூற்றுப் பதினாறு ஆமைகளும் ஊர்ந்தன. ஆனால் கை பட்டுப் பட்டுத் துவண்டிருந்தது. லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்க்க வேண்டும். எங்கள் தெரு வண்ணார் துணியைக் கல்லில் வைத்து எத்தனை அடி அடிப்பார் என்பது எனக்குத் தெரியும். பதினெட்டு. மூன்றில் இது சல்லடையாகிவிடும். மச்சானின் தறிக்கூடத்தில் பதமாகக் கஞ்சி போடும் ஆள் இருந்தார். கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். கொண்டுபோகிறேன் என்று சொன்னதும் நான்தான். இந்த விஷயத்தில் நான் யார்மேலும் பழி போட முடியாது, பலமுறை முயன்றிருக்கிறேன்.

மச்சான் நூல் வாங்க ஈரோட்டுக்குப் போயிருந்தார். அதில் எனக்கு நிம்மதிதான். அவர் நெய்த துணியை மூவாயிரத்துச் சொச்சம் இடத்தில் வெட்டியிருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. செய்தித்தாளில் சுற்றிய துணியைக் கஞ்சிக்காரரிடம் கொடுத்து, அடிக்காதீர்கள், லேசாகப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

ஏழாம் நாள் வாங்கப் போனேன். மச்சான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, உள்ளே போய்த் துணியை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். மடிப்புக் கலையாத துணி. விரித்தேன். ஓர் ஆமைகூட இல்லை.

ஓட்டையெல்லாம் அடைபட்டிருந்தது. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு, நீலம் இருந்த இடத்தில் நீலம், இழைக்கு இழை. தடவிப் பார்த்தாலும் தெரியாது. அறுந்த பாவு பிணைக்கும் நான்கு பெண்களை மற்ற வேலையெல்லாம் நிறுத்தி உட்காரவைத்து, ஆறு நாளில் ஊசியால் ஓட்டி நிரப்பியிருக்கிறார். தானும் கூட உட்கார்ந்திருக்கிறார்.

"எலி கடிச்சுப்போட்டுதுங்களா, அந்தப் பையன் கம்பியில மாட்டிக் கிழிச்சுட்டாருங்களா, நான் கேக்கலீங்க மாப்ள" என்றார். "பொண்ணு கேக்கப் போற எடத்துல என்ற தறித் துணி ஓட்டையா நின்னா, நாளைக்கு நான் நாலு பேரு முன்னால தல காட்ட முடியுமுங்களா? நீங்க கொண்டாந்தது நல்லதாப் போச்சு."

ஒவ்வொரு ஓட்டையும் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருந்ததே, எலி அப்படிக் கடிக்குமா என்று கேட்டேன். அவருக்கும் அது அதிசயமாகத்தான் இருந்ததாம். ஆனால் ஓட்டை என்றால் ஓட்டைதான். தறிக்காரனுக்கு அடைக்கத்தான் தெரியும். அப்புறம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் துணியை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தார். இந்த வட்டாரத்தில் வேறு எங்கேயும் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு ஊராக இருந்தால் ஒன்று தூக்கிப் போட்டிருப்பார்கள், அல்லது அப்படியே திருப்பித் தந்திருப்பார்கள். இத்தனை நேர்த்தியாக ஒருவனுடைய கல்யாணத்தைக் கெடுக்க எங்கள் பக்கத்து ஆளால்தான் முடியும்.

வீட்டில் துணியை விரித்துக் காட்டினேன். நெட்டையன் கத்தவில்லை. கையை மெல்ல ஓட்டி, ஆமைகள் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். "நல்லா வேல செஞ்சிருக்காங்க" என்றான். பிறகு சுவரருகில் போய், ஆணியில் தொங்கிய பித்தளைப் பொத்தான் கோட்டை எடுத்துத் தூசி தட்டினான். அதைத்தான் என் மனைவியால் தாங்க முடியவில்லை. "ஏனுங்க, நாள் முச்சூடும் எண்ணி எண்ணி எழுதுனீங்களே, அந்த நோட்டு எங்கீங்க?" என்றாள்.

நோட்டு இருந்தது. ரயிலேற மூன்று நாள் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று எழுதி மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். பொய்யென்று சொல்ல முடியாது. மறுநாள் காலை ஏழு மணிப் பஸ்ஸில் மச்சான் வந்து இறங்கினார், கூட அந்த நான்கு பெண்களில் இரண்டு பேரோடு. நான் சொல்லியனுப்பவில்லை. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் படியேறினார்.

புதிதாக ஓட்டிய இழை, நெய்த இழையைவிட இலகுவாக உருவி வரும். அது ஒன்றுதான் எங்களுக்குச் சாதகம். ஆறு கைகளுக்கு வரிசைகளைப் பங்கிட்டேன். முதல் நான்கு நெட்டையனுக்கு, அடுத்த நான்கு குட்டையனுக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு மச்சானுக்கு, மற்றவை அந்தப் பெண்களுக்கும் என் மனைவிக்கும். நான் சன்னலோரம் நின்று நோட்டிலிருந்து வாசித்தேன். மூன்று விடு, இரண்டு எடு, ஒன்று விடு. வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோல இருந்தது, ஆனால் வகுப்பில் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பின்னால் அந்த நூற்றுப் பன்னிரண்டு தடவைப் பாட்டு ஓடியது. அந்தப் பெண்கள் முதல் நாள் மத்தியானத்துக்குள் அந்த முரசுக்கு ஏற்றபடி இழை உருவப் பழகிவிட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் கேசட்டை மறந்துபோய்ப் போடாமல் இருந்தபோது, "அந்தப் பாட்டப் போடுங்க தம்பி, கை ஓடமாட்டீங்குது" என்று அவர்களில் ஒருத்திதான் கேட்டாள்.

மச்சான் மட்டும் பிளேடை எடுத்துப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். "நெய்ஞ்ச கையாலயே வெட்டச் சொல்றீங்க மாப்ள" என்றார். நான் வரிசையை மறுபடி வாசித்தேன். வெட்டினார்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு இருபத்து நான்கு வரிசையும் முடிந்தன. திருச்செங்கோட்டுக்குப் போய்வர நேரமில்லாததால் கஞ்சியை என் மனைவியே போட்டாள். நான் சரிபார்க்கத் தொடங்கி ஆறு வரிசை முடிப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறாம் வரிசைவரை சரியாக இருந்தது என்பதற்கு நான் பொறுப்பு.

நாலு நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். நெட்டையன் தடுக்கி விழாமல் ஏறினான். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டிருந்தான். நடந்ததைக் குட்டையன்தான் சொன்னான். சித்தப்பா லண்டன் கம்பளித் துணியில் மூன்றடுக்குக் கோட்டுச் சூட்டு போட்டுக்கொண்டு வந்து, மெட்ராஸ் வெயிலில் உருகிக்கொண்டிருந்தாராம். பையனிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை பாடத்தில் பாக்கி? மூன்று. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்திதான் எழுந்து வந்தாளாம். இடுப்பில் சுற்றியிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்து, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டு போனாளாம். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் விரல் நின்றது.

மேலிருந்து பதினோராம் வரிசை, நாலாவது ஆமை. ஓர் இழை எடுபடாமல் இருக்கிறது என்றாளாம். இது பெண்கள் கை வேலை இல்லை, எங்கள் வீட்டுப் பெண் இப்படி விடமாட்டாள், யார் வெட்டியது என்று கேட்டாளாம். நெட்டையன் முழுவதையும் சொன்னான். நெய்தவர், அடைத்தவர், எண்ணியவர், வயிற்றுவலி எல்லாம். அடைத்த கட்டம் வந்ததும் சித்தி சிரிக்கத் தொடங்கி, உட்கார்ந்து, சித்தப்பாவின் கைக்குட்டையைப் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். முன்பின் தெரியாத ஊரில் ஆறு பேரைத் தனக்காக உட்காரவைத்தவனுக்குச் சனம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்றாளாம். அந்த ஓர் இழையையும் எடுத்துவிட ஊசி கேட்டபோது, வேண்டாம் இருக்கட்டும் என்று அந்தப் பெண் துணியை இழுத்துக்கொண்டாளாம். சம்மதம் ஆயிற்று.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன், ஒரு நிமிஷம். பிறகு நோட்டை எடுத்துப் பதினோராம் வரிசையைப் பார்த்தேன். நாலாவது ஆமை. பதினான்கு என்றுதான் எழுதியிருந்தேன். வாசித்ததும் பதினான்குதான். லண்டனில் இருக்கும் ஒருத்தி விரலால் தடவி என் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டாள் என்பதை நெட்டையனின் கல்யாணத்தைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மச்சான் தறிக்குழியில் உட்கார்ந்து தானே நெய்துகொண்டிருந்தார். பதினோராம் வரிசை உங்களுடையதுதானே, நாலாவது ஆமையில் ஓர் இழை தங்கிவிட்டது, நான் வாசித்தது கேட்கவில்லையா என்றேன்.

தறியை நிறுத்தாமல் சொன்னார்: "கேட்டுதுங்க மாப்ள."

"பின்னே?"

"மூவாயிரத்த எடுத்துக் குடுத்தனல்லங்க. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சேன்."

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூவாயிரத்து இருபத்து நான்கு என்ற கூட்டுத்தொகையை நான் திருத்தவில்லை. கணக்கு சரி. மச்சான்தான் தப்பு.